ஹோவ்லான்ட்டின் இருபத்திரண்டு நிமிடம்

டோர்டிஸ் ஹோவ்லான்ட் முப்பத்திரண்டு வருடமாக, வட ஐரோப்பாவின் ஸ்கார்வோய் தீவு மன்றத்தின் ஒரு கூட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு கூட்டத்திலும் வாயைத் திறந்ததுமில்லை. இரண்டிலும் அவளுக்கு ஒரே அளவு பெருமை. 1975 அக்டோபரில், இருபத்தேழு வயதில், ஒரு பெட்டி நிறைய வெற்றுப் படிவங்களோடு படகிலிருந்து இறங்கினாள். பதினைந்து பேர் கொண்ட ஒரு சின்ன மன்றம் எப்படி முடிவெடுக்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்து எழுதுவதுதான் திட்டம். இரண்டு தேர்தல் காலம் போதும் என்றார் அவளுடைய பேராசிரியர். அவள் எட்டுக் காலம் இருந்தாள். அதற்குள் பேராசிரியர் ஓய்வு பெற்று, இறந்து, அவர் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பறையும் திறந்துவிட்டார்கள்.

பார்க்கிற ஆள் பார்க்கப்படுகிற விஷயத்தில் விரல்கூட வைக்கக் கூடாது என்று அரசியல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோருமே சொல்வார்கள். சொல்லிவிட்டு மதியம் போய் மன்றத் தலைவரோடு உட்கார்ந்து மீன் சாப்பிடுவார்கள். டோர்டிஸ் அந்த ரகம் இல்லை. வந்த முதல் நாளே மன்றக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள்: பார்வையாளரோடு பேச வேண்டாம், பார்வையாளர் இருப்பதையே பொருட்படுத்த வேண்டாம். சாம்பல் நிறச் சுவரோடு சேர்ந்துபோகும்படி சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். கூட்ட இடைவேளையில் ஊரே சுடச்சுட வாஃபிள் என்ற கட்டம்போட்ட இனிப்பு அப்பத்தைத் தின்னும்போது, இவள் ஒரு மூலையில் திரும்பி நின்று, வீட்டிலிருந்து காகிதத்தில் சுற்றி எடுத்து வந்த மொறுமொறு ரொட்டியையும் பழுப்புப் பாலாடைக்கட்டியையும் கடித்துக்கொண்டிருப்பாள். ஒரு வாஃபிளை வாங்கிக்கொண்டால் அதைச் சுட்டவள் எந்தக் கட்சியோ, யார் கண்டது.

தீவில் வீடு எடுத்துக் குடியிருந்தும் அவள் வாக்களித்ததில்லை. ஆஸ்முன்ட் என்ற படகு மெக்கானிக்கோடு ஒரு கோடை முழுக்கத் துடுப்புப் படகில் சுற்றினாள். கல்யாணப் பேச்சுவரைக்கும் வந்தது. 1983இல் அவன் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டான். அன்றோடு நிறுத்திக்கொண்டாள். கடையில் அவன் எதிர்ப்பட்டால் உருளைக்கிழங்கின் விலைச் சீட்டை நெடுநேரம் படிப்பாள். அது அவளுக்கு வலித்தது. வலியைக் குறிக்கப் படிவத்தில் இடம் இல்லை.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மன்றம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள். ஒரு தாளில் நாற்பத்து நான்கு வரி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, யார் பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்று ஒரு வரியில் குறிக்க வேண்டும். தாள் நிரம்பியதும் கவிழ்த்து வைக்க வேண்டும். விவாதம் நீண்டால் எழுத என்று கூடுதல் தாள்களையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தூக்கிப் போனாள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவை தேவைப்படவில்லை. படிவத்தை எவ்வளவு கச்சிதமாக அமைத்துவிட்டோம் என்று அவளுக்கு அடிக்கடி தோன்றும்.

ஏனென்றால், ஸ்கார்வோய் மன்றம் எந்த விஷயத்தையும் இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தது. பள்ளிக்கூடத்தை மூடுவதா என்பதற்கும் இருபத்திரண்டு நிமிடம், பேருந்து நிறுத்தத்து பெஞ்சுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதற்கும் அதே இருபத்திரண்டு நிமிடம். இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தொரு முடிவுகள், ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. ஐரோப்பா முழுக்க மாநாடுகளில் இதற்கு ‘ஹோவ்லான்ட்டின் இருபத்திரண்டு’ என்று பெயர். மனிதக் கவனத்தின் எல்லை அது என்றார் ஒரு பிரெஞ்சுக்காரர். சிறுநீர்ப்பையின் எல்லை என்றார் ஒரு ஜெர்மானியர். இருவரும் அதன் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. டோர்டிஸின் சொந்த விளக்கம் எளிமையானது: முடிவுகளை எடுப்பது மன்றம் என்ற அமைப்பு, அதில் எந்தத் தனி மனிதருக்கும் ஒரு பங்கும் இல்லை. அதை நிறுவும் ஐநூறு பக்கப் புத்தகம் அச்சகத்தில் காத்திருந்தது. எட்டாவது காலம் 2007 அக்டோபரில் முடிகிறது. புதிய மன்றத்தின் முதல் கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அது கடைசிப் படிவம். அதோடு வாழ்க்கை வேலை முடிந்தது.

அந்த வருடம் மே மாதம் மன்ற அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தீவில் இரண்டே பட்டியல்கள்தான் போட்டியிடும், கிழக்குக் கரைப் பட்டியல், மேற்குக் கரைப் பட்டியல். மேற்குக் கரைக்காரர்களுக்கு வேட்பாளர் பட்டியலில் கடைசி இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. யாரோ அவள் பெயரை எழுதிவிட்டார்கள். விருப்பமில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும், பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும் என்றது கடிதம். வேறு யாராக இருந்தாலும் மறு தபாலில் பதில் போட்டிருப்பார்கள். ஆனால் மன்றத்திலிருந்து வரும் எந்தத் தாளுக்கும் பதில் எழுதுவதில்லை என்பது டோர்டிஸின் விதி. பதில் எழுதினால் அது தலையீடு. கடிதத்தில் துளைபோட்டு, ‘வேட்பாளர் நியமன நடைமுறை’ என்ற கோப்பில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து நினைவாகக் கோப்பைத் திறந்து, ‘பதில் இல்லை, மௌன சம்மதம், 1 நபர்’ என்று குறித்தும் வைத்தாள்.

செப்டம்பரில் முடிவுகள் வந்தன. வாக்காளர்கள் பிடித்த பெயருக்கு நேராகக் குறியிடலாம், எதிர்ப் பட்டியலில் இருக்கும் பெயரைக்கூடத் தங்கள் சீட்டில் எழுதிச் சேர்க்கலாம். மேசை முன்னால் உட்கார்ந்து பெயர் பெயராக அட்டவணைப்படுத்திக்கொண்டிருந்தவள், கடைசிப் பெயருக்கு முந்நூற்று எண்பத்தெட்டுத் தனி வாக்குகள் விழுந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். தீவின் வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லை. ஹோவ்லான்ட், டோ., பெண், வயது ஐம்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டே போய், தொழில் என்ற இடத்தில் ‘ஆராய்ச்சியாளர்’ என்று எழுதும்போதுதான் கை நின்றது.

கிழக்குக்கு ஏழு இடம், மேற்குக்கு அவளைச் சேர்க்காமல் ஏழு இடம். பதினைந்தாவது அவள். அடுத்த தலைவர் யார் என்று தீர்மானிப்பது அவள் கை. முப்பத்திரண்டு வருடமாகத் தனி மனிதருக்கு ஒரு பங்கும் இல்லை என்று எண்ணி எண்ணி நிரூபித்தவளை, கடைசி வரியில் தனி மனிதராக உட்கார வைத்துவிட்டார்கள். இனி எந்த விமர்சகரும் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்: இவ்வளவு நாளும் நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களா?

மறுநாள் மேற்குக் கரையின் தலைவி மார்கிட் கதவைத் தட்டினாள். கருவாட்டுக் கொட்டகை வைத்திருப்பவள், இருபத்து நான்கு வருடமாக மன்றத்தில் இருப்பவள். டோர்டிஸ் கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றாள்.

“உள்ள இருக்கேன்னு தெரியும், டோர்டிஸ். ஒண்ணும் பேச வேண்டாம், கேளு. நம்ம தீவுல முப்பத்திரண்டு வருஷமா ஒரு பொய்கூட சொல்லாத ஆள் நீ ஒருத்திதான். அதான் எல்லாரும் உனக்குக் குத்தினாங்க.”

“நான் எதுவுமே சொன்னதில்லையே” என்றாள் டோர்டிஸ் கதவிடம்.

“அதத்தானே நானும் சொல்றேன்.”

தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேண்டாம் என்று எழுந்து போக அந்த நாட்டில் வழியில்லை. விலக்குக் கேட்டு மன்றத்துக்கே மனுப் போட வேண்டும், காரணம் சரி என்று மன்றம் வாக்களிக்க வேண்டும். உடல்நலம், குடும்பச் சுமை, அப்படி ஏதாவது. டோர்டிஸ் பதினோரு பக்கம் எழுதினாள். சுருக்கம் இதுதான்: ஆய்வு முறைப்படி நான் அந்த அறையில் இல்லாதவள், இல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. எழுத எழுத, இந்த மனுவே தலையீடுதானே என்று உறைத்தது. ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு அவள் எவ்வளவு கூசினாள் என்பதை, தன் சொந்தக் கணக்கில் ஒரு தப்புக் கண்டுபிடித்து அதைத் தானே பிறருக்கு அறிவித்தவர்களுக்குத்தான் புரியும்.

அக்டோபர் கூட்டம் காலை பத்து மணிக்குக் கூடியது. பழைய தலைவர் என்ற முறையில், கிழக்குக் கரைக்காரனாகிய ஆஸ்முன்ட்தான் நாற்காலியில் இருந்தான். அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. முதல் பொருள், டோர்டிஸின் மனு. தன்னைப் பற்றிய விவாதத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே அவளை வெளியே அனுப்பினார்கள். பழக்கத்தால் கையோடு பையையும் எடுத்துக்கொண்டு போய் நடைவழிப் பலகையில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சமையலறையில் வாஃபிள் மாவு கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐந்து. பத்து இருபத்தேழுக்குக் கதவு திறக்கும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. என்ன முடிவு வந்தாலும் அந்த நேரமாவது அவள் பக்கம் நிற்கும்.

பத்து இருபத்தேழு ஆயிற்று. கதவு திறக்கவில்லை. பத்தரை. பத்தே முக்கால். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதினொன்றாயிற்று. முதல் ஈடு வாஃபிள் ஆறிப் போனது. பதினொன்று ஐம்பதுக்கு மன்றச் செயலர் ஸ்டெய்னார் கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே வந்தான். வேர்த்து வழிந்தது.

“கோவிச்சுக்காதே டோர்டிஸ், உன்கிட்ட வெத்துப் படிவம் ஒண்ணு இருக்குமா?”

“எதுக்கு?”

“எதுக்குன்னா? படிவம் நிரம்பாம எப்படி ஓட்டெடுக்கறது?”

அவள் புரியாமல் பார்த்தாள். அவள் புரியாமல் பார்க்கிறாளே என்று அவனும் புரியாமல் பார்த்தான். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். 1975இல் தலைநகரிலிருந்து வந்த கடிதத்தில் எழுதியிருந்ததாம்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படிவம் நிரப்பப்படும், மன்றம் முழு ஒத்துழைப்புத் தர வேண்டும். அப்போதைய தலைவர் அரசாங்கக் கடிதத்தை அச்சுப் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர். படிவம் நிரம்பும்வரை பேச வேண்டும், நிரம்பியதும் நிறுத்த வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். அவர் அடுத்த தலைவருக்குச் சொன்னார், அந்த ஆள் அதற்கடுத்த ஆளுக்கு. இன்று உள்ளே படிவம் இல்லை, யாருக்கும் எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. ஸ்டெய்னாரே ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தானாம். அவன் கையெழுத்துக் கொஞ்சம் பெரிசு, ஒன்பது நிமிடத்தில் நிரம்பிவிட்டது. அது செல்லுமா செல்லாதா என்று இப்போது கட்சி பிரிந்து சண்டை.

“அப்போ அந்த பெஞ்சு?” என்று கேட்டாள் டோர்டிஸ்.

“ஐயோ, அந்த பெஞ்சு. எல்லாரும் பச்சைன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டோம். மிச்ச இருபது நிமிஷம் ஆஸ்முன்ட் அவன் மாமாவோட பெஞ்சப் பத்திப் பேசினான். சின்ன விஷயத்துக்கெல்லாம் யார் இழுக்கறதுன்னு எங்ககிட்ட முறை வெச்ச லிஸ்டே இருக்கு.”

அந்த இருபது நிமிடத்தை அவள் ‘திட்டமிட்ட தாமதம், உயர்ந்த அரசியல் நுட்பம்’ என்று குறித்திருந்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் அதற்கு ஒரு வரைபடமே உண்டு.

“எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தப்போ பனிமூட்டம்னு கூட்டத்தத் தள்ளி வெச்சீங்களே?”

“அன்னைக்கு வெயில் பளீர்னு அடிச்சுது” என்றான் ஸ்டெய்னார் வெட்கத்தோடு.

“ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“உன்கிட்டப் பேசக் கூடாதுன்னு நீதானே கதவுல ஒட்டினே?”

டோர்டிஸ் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐநூறு பக்கம். பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், மாநாடுகள். அவ்வளவும் அவளே கோடு போட்ட ஒரு தாளின் நீளம். அந்தத் தாளில் ஐம்பது வரி போட்டிருந்தால் ஹோவ்லான்ட்டின் இருபத்தைந்து என்று உலகம் சொல்லியிருக்கும். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்ததாக நினைத்திருந்தாள். அந்த அறையில் இருந்த எல்லோரும் முப்பத்திரண்டு வருடமாக அவளுடைய கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனால் இது இந்தத் தீவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது உள்ளே போய் எப்போதும் போல நாற்பத்து நான்கு வரி எழுதினால் போதும். இருபத்திரண்டாவது நிமிடம் வாக்கெடுப்பு நடக்கும், விலக்குக் கிடைக்கும், புத்தகம் வெளிவரும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொல்வதில் பயனில்லை. நிதானமாக உட்கார்ந்து அதை யோசித்தும் பார்த்தாள். ஆனால் முப்பத்திரண்டு வருடம் ஒன்றை அளந்தவளுக்கு, அளவுகோல் கோணல் என்று கேள்விப்பட்ட பிறகு அதைச் சோதிக்காமல் இருக்க முடியாது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் உள்ளே வந்து பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பதினான்கு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சட்டப்படி அவள் அங்கே இருக்கக் கூடாது. அதைச் சொல்ல ஒருவருக்கும் தெம்பில்லை. மார்கிட் பேச ஆரம்பித்தாள். டோர்டிஸ் எட்டு வரி எழுதினாள். நான்கு நிமிடம். மார்கிட் ஒரு வாக்கியத்தின் நடுவே இருந்தாள். டோர்டிஸ் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

மார்கிட்டின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. தாள் மேசையில் படியும் முன்பே ஆஸ்முன்ட்டின் சுத்தியல் விழுந்தது. விலக்குக்கு ஆதரவாக ஒரு கையும் இல்லை, எதிர்த்துப் பதினான்கு. இவள் போய்விட்டால் இனி எந்தக் கூட்டத்தை யார் முடித்துவைப்பார்கள் என்ற பயம் இரு கரைக்கும் பொதுவாக இருந்தது.

ஹோவ்லான்ட்டின் இருபத்திரண்டு அங்கே செத்துப்போயிற்று. அவளே கொன்றாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எழுந்து, பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டு, மார்கிட்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பதினைந்தாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது பொருள், மன்றத் தலைவர் தேர்தல் என்று ஆஸ்முன்ட் அறிவித்தான். பதினான்கு பேரும் அவளுடைய வெறும் கையைப் பார்த்தார்கள்.

முப்பத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் டோர்டிஸ் பேசினாள்.

“என்னால ஏதாவது கெட்டுப் போச்சா?”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஸ்டெய்னார் தன் பேனா மூடியை ஆராய்ந்தான். ஆஸ்முன்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கே படகுத்துறை தெரிந்தது. 1988இல் முடிவெடுத்துக் கட்டியது, முகம் மேற்கே. மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தால் பயணிகள் படகு அதில் அணைய முடியாமல் அப்படியே திரும்பிப் போய்விடும். வருடத்துக்கு நாற்பது நாளாவது அப்படி நடக்கும். அவ்வளவு பெரிய திட்டத்தையும் இருபத்திரண்டே நிமிடத்தில் முடித்தார்கள் என்று ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதைத்தான் கொண்டாடியிருந்தாள்.

“சொல்லிடவா?” என்று மார்கிட் ஆஸ்முன்ட்டைக் கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். அவள் டோர்டிஸ் பக்கம் திரும்பினாள். “படகுத்துறை விஷயத்துல அன்னைக்கு நான் கை தூக்கினேன். நீ தாளக் கவுத்துட்டே.”

டோர்டிஸ் ஜன்னல் வழியே படகுத்துறையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“என்ன சொல்ல வந்தே?”

“பத்தொம்பது வருஷம் ஆச்சும்மா.”

“பரவால்ல. சொல்லு.”

இது இந்தப் பொருளின் கீழ் வராதே என்று ஸ்டெய்னார் முணுமுணுத்தான். ஆஸ்முன்ட் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான். மார்கிட் எழுந்தாள், பாவாடையை நீவிவிட்டுக்கொண்டாள், தொண்டையைச் செருமினாள். முதலில் கையைத் தூக்கினாள், அதுதான் அன்றைக்கு விட்ட இடம். பிறகு, மேல்காற்று கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் எப்படி நிறம் மாறும் என்று தன் அப்பா சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள்.

டோர்டிஸ் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் மூக்கு அரித்தது. மார்கிட் பேசி முடிக்கும்வரை அவள் சொறிந்துகொள்ளவே இல்லை.